பேத்தமங்கலம்: தங்கவயலுக்கு நீரளித்த சிற்றூர்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் சுரங்க வாயிலிலேயே தொடங்குவர். வாரன் வந்தார், லாவெல் உரிமம் பெற்றார், ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர், பாறை பிளந்தது, பொன் வந்தது என்று அவ்வரலாறு கீழ்நோக்கியே இறங்கும். இறங்கிய ஆழம் பெரிது. ஆதலின் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் பொன் எடுத்த மக்கள் பொன்னை உண்டு வாழவில்லை. அவர்கள் குடித்த நீர் எங்கிருந்து வந்தது? அவர்கள் களியாகக் கிண்டிய கேழ்வரகு எந்நிலத்தில் விளைந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், சுரங்கத்தை விட்டு வடகிழக்காக ஆறேழு மைல் நடந்து, பாலாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரை அடைதல் வேண்டும். அவ்வூரே பேத்தமங்கலம்.

நம்மில் பலர் அவ்வூரை ஒரு நாள் உலாவாக மட்டுமே அறிவோம். ஏரிக்கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு, மாலையில் வீடு திரும்பிய நினைவு தங்கவயலில் வளர்ந்தார் அனைவர்க்கும் உண்டு. அந்த ஏரிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கதை ஒன்று உண்டென்பதும், அக்கதையில் நம் முன்னோர் பிறந்த ஊர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்பதும் பலர் அறியாதவை. அவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நிலத்தின் இயல்பைக் காண்போம். பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்து மேட்டுநிலத்தின் வழியே தென்கிழக்காக ஓடி, ஆந்திர நாட்டின் ஒரு சிறு பகுதியைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் புகுகின்றது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். அதில் கருநாடகத்தில் ஓடுவது 93, ஆந்திரத்தில் 33, எஞ்சிய 222 கிலோமீட்டரும் தமிழகத்திற்கு உரியன. ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சி ஆகிய ஊர்களைத் தொட்டும் அணுகியும் சென்று, கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூரருகில் அது கடலிற் கலக்கின்றது. நீளத்தை நோக்கின் அது தமிழகத்து ஆறு. பிறப்பை நோக்கின் கோலாரின் ஆறு. இவ்விரு தன்மையையும் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆறு என்றவுடன் காவிரியை எண்ணிவிடலாகாது. மேல்பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பே. இம்மேட்டுநிலத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 30 அங்குலம். அதில் பெரும்பங்கு ஆவணி முதல் ஐப்பசி வரையில் பெய்து ஓய்ந்துவிடும். பெய்யும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ளாவிடின், நீர் கீழ்நாட்டிற்கு ஓடிவிடும். இதனை உணர்ந்த முன்னோர், ஓடைதோறும் கரை எழுப்பி, ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலி கோத்தாற்போல் ஏரிகளை அமைத்தனர். மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராயிருந்த சாங்கி என்பார், இந்நாட்டில் புதியதோர் ஏரிக்கு இடம் தேடிக் காண்பதே அரிது என்னும் கருத்துப்பட 1866-இல் எழுதினார். பெங்களூரில் சாங்கி ஏரி எனப்படுவது அவர் பெயர் தாங்கியதே.

அச்சங்கிலியில் பாலாற்றின் குறுக்கே நேராகக் கட்டப்பெற்ற பெரிய கண்ணிகள் பேத்தமங்கலத்து ஏரியும், அதனை அடுத்த இராமசாகரமும் ஆகும். பேத்தமங்கலத்து ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் இராமசாகரத்தை அடையும். அதுவும் நிரம்பினால் ஆந்திர எல்லை நோக்கி ஓடும். பின்னர் வாணியம்பாடி காணும். மேலுள்ள ஏரிகள் நிரம்பாத ஆண்டுகளில் கீழுள்ளார் மணலைத் தோண்டி ஊற்றுநீர் கண்டு பிழைத்தனர். தமிழ்நாட்டுப் பாலாற்றங்கரைகளில் ஊற்றுக்கால் பாசனம் சிறப்புற்றிருந்ததன் காரணம் இதுவே.

ஏரியைப் பற்றிய சொற்களில் தமிழுக்கும் கன்னடத்திற்கும் உள்ள உறவு நினைந்து மகிழ்தற்குரியது. நாம் ஏரி என்பதனை அவர் கெரெ என்பர். நாம் தூம்பு என்பது அவர்க்குத் தூபு. மிகுநீர் வழியும் இடத்தை இருவரும் கோடி என்றே கூறுகின்றோம். மதகைத் திறந்து, எவ்வயலுக்கு எத்துணை நேரம் நீர் என்று முறை வைத்து விடுபவர் நம் நாட்டில் நீர்க்கட்டி. கோலார்ப் பகுதியில் அவர் நீர்கண்டி. இத்தொழிலை வழிவழியாகச் செய்துவந்தோர் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடியினர். தமக்கெனக் காணி இல்லாதவரிடமே ஊரார் அனைவர்தம் காணிக்கும் நீர் அளக்கும் பொறுப்பு இருந்தது. சொந்த நிலம் உடையவன் தன் வயலுக்கே முதலில் திறந்துகொள்வான் என்னும் அச்சம் ஊராருக்கு இருந்தது போலும்!

ஊரின் பழம்பெயர் விசயாதித்த மங்கலம். விசயாதித்தன் என்பான் வாணர் குலத்து மன்னன் என்றும், அவன் பெயரால் இவ்வூர் எழுந்தது என்றும் கருதுவர். மாவலியின் வழிவந்தோராகத் தம்மைக் கூறிக்கொண்ட இவ்வாணர், பாலாற்றின் வடபால் நிலத்தைப் பல நூற்றாண்டுகள் ஆண்டவர். தமிழ்க் கல்வெட்டுக்களிலும் பயின்று வருபவர். மங்கலம் என முடியும் ஊர்ப்பெயர் நமக்குப் புதியதன்று. அரசன் ஊர் ஒன்றை அமைத்து அதற்குத் தன் பெயரையே சூட்டும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்ததே. விசயாதித்த மங்கலம் என்னும் நெடும்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து பேத்தமங்கலம் ஆயிற்று. ஊரிலுள்ள கோயிலின் இறைவர் பெயரில் மட்டும் விசய என்னும் சொல் இன்றும் தேயாமல் நிற்கின்றது. அப்பெயரைப் பாரத வீரனாகிய விசயனோடு இயைத்து ஊரார் கூறும் கதையும் உண்டு. அரசனை மறந்துவிட்ட மக்கள், பெயருக்குப் பொருள் காணக் கதையை நாடுவது எங்கும் உள்ளதே.

வாணர்க்குப் பின் நுளம்பர் வந்தனர். கி.பி. 950-ஐ ஒட்டிய காலத்தில் நுளம்ப மன்னன் இரிவ நுளம்பன் ஆட்சியில் இவ்வேரி செப்பனிடப்பட்டது. செப்பனிடப்பட்டது என்ற சொல்லைக் கூர்ந்து நோக்குக. பத்தாம் நூற்றாண்டிலேயே பழுது பார்க்கும் அளவிற்கு அது பழைய ஏரி. பின்னர் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஹொய்சளர் ஆட்சியில், கரை மீண்டும் பழுது பார்க்கப்பட்டது. ஏரி கட்டியவனைப் போலவே ஏரி திருத்தியவனையும் கல்லில் பொறித்து வைத்த காலம் அது. அத்தகையோர்க்கு ஏரியின் கீழ் நிலம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. கன்னடக் கல்வெட்டுக்கள் அதனைப் பித்துவட்ட என்று குறிக்கின்றன. தமிழகத்து ஊர்ச்சபைகள் ஏரிப் பராமரிப்பிற்கென ஒதுக்கிய ஏரிப்பட்டியை இதனோடு ஒப்பிடலாம்.

இடையே சோழர் வந்தனர். கங்கபாடியும் நுளம்பபாடியும் முதலாம் இராசராசனால் வெல்லப்பட்டன. கோலார், குவளாலம் என்னும் பெயரோடு தமிழ்க் கல்வெட்டுக்களில் இடம் பெற்றது; இந்நிலப்பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப்பட்டது. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். 'தமிழர் இங்கே பொன்னுக்காக வந்தவர்தாமே' என்று யாரேனும் வினவினால், அக்கோயிற் சுவரைக் காட்டுதல் போதும். ஆனால் இதனால் நாம் தருக்குதற்கு ஒன்றும் இல்லை. வந்தோர், ஆண்டோர், சென்றோர் பலர். ஏரியின் கரை மட்டும் வந்தவர் எல்லார்க்கும் வேலை வைத்தது. 1117-ஐ ஒட்டிச் சோழர் இம்மேட்டுநிலத்தை ஹொய்சளர்க்கு இழந்தனர்.

அதன்பின் விசயநகரத்தார், பீசப்பூர்ச் சுல்தான்கள், அவர்கள்பால் நிலம் பெற்ற சாகசி போன்சுலே, மொகலாயர் என ஆட்சிகள் மாறின. அவற்றை விரித்தல் வேண்டா. பேத்தமங்கலத்திற்குத் தொலைவிலன்றி உள்ள பூதிக்கோட்டையில் ஐதர் அலி பிறந்தார் என்பதனை மட்டும் நினைவூட்டி மேற்செல்வோம். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் அரசின் எல்லைகளை அளக்க வந்தவருள் ஒருவரே லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-இல் ஊரிகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களில், குறுகிய குழிகளில் இறங்கிப் பொன்மண் எடுக்கும் ஏழை மக்களை அவர் கண்டார். அவர்கள் பறையர் குடியினர். இன்று சுரங்கப் பெயர்களாக நாம் அறியும் இவ்விரு பெயர்களும் அன்று பேத்தமங்கலத்தைப் போன்ற உழவூர்களின் பெயர்கள். ஒன்று பொன்னால் மறைந்தது. மற்றொன்று பொன்னால் பெருத்தது. பேத்தமங்கலம் மட்டும் உழவூராகவே நின்றது.

இனி, உழவைக் காண்போம். இவ்வூர் நிலம் மூவகைப்படும். ஏரியின் கீழ் உள்ள நன்செயில் நெல்லும் கரும்பும். கிணற்றை நம்பிய தோட்டக்காலில் காய்கறியும், பட்டுப்புழுவிற்கு இரையாகும் முசுக்கொட்டையும். வானம் பார்த்த புன்செயில் கேழ்வரகு, அவரை, துவரை, கொள்ளு, நிலக்கடலை. பரப்பில் மிகுதியானது புன்செயே. கேழ்வரகின் ஊடே சால் பிடித்து அவரையும் துவரையும் விதைப்பர். மழை பொய்த்துக் கேழ்வரகு தளர்ந்தாலும், பின்பனியில் அவரை கைகொடுக்கும். மார்கழி பிறந்தால் தங்கவயற் சந்தையெங்கும் மணக்கும் அவரைக்காய் இந்நிலத்தது. பிதுக்குப் பருப்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும் உண்டவர்க்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டா.

கேழ்வரகின் மற்றொரு சிறப்பும் கூறத்தக்கது. அது பல ஆண்டு கெடாது. ஆதலின் இந்நாட்டு உழவர் மண்ணில் ஆழ்ந்த குழி வெட்டி, அதில் தானியத்தைக் கொட்டி, வாயை மூடி வைப்பர். பஞ்சம் வந்தால் குழி திறக்கப்படும். நம் தங்கவயலில் மண்ணுக்குள்ளிருந்து செல்வத்தை எடுத்தனர். பக்கத்து ஊரில் மண்ணுக்குள் செல்வத்தைச் சேமித்தனர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பஞ்சத்தில் அக்குழிகளும் வறண்டன. ஏறத்தாழ ஐம்பது இலக்கம் மக்கள் வாழ்ந்த மைசூர் அரசில் பத்து இலக்கம் பேர் குறைந்தனர் என்பர். கோலாரும் அதனை அடுத்த வடஆர்க்காடும் சேலமும் ஒருங்கே வாடின. சுரங்கக் கம்பெனிகள் ஆள் தேடத் தொடங்கிய 1880-ஆம் ஆண்டுகளில், இம்மூன்று நிலங்களிலும் கஞ்சிக்கு வழியற்ற குடும்பங்கள் இருந்தன. நம் முன்னோர் வந்த கதைக்கு இதுவே முன்னுரை.

பஞ்சத்திற்குச் சற்று முன்னரே பேத்தமங்கலத்தின் சிறப்பு வேறொரு வகையில் குன்றத் தொடங்கியிருந்தது. இவ்வூர் கிழக்கே வெங்கடகிரிக்கோட்டை வழியாகக் கீழ்நாட்டிற்குச் செல்லும் வண்டிப்பாதையில் இருந்தது. பொதி மாடுகளும் வண்டிகளும் தங்கிச் சென்ற ஊர் அது. சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க்கு 1864-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டவுடன் சரக்கெல்லாம் அதில் ஏறிக்கொண்டது. மைசூரின் ஆணையராயிருந்த பவுரிங் பெயரால் எழுந்த பவுரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காரப்பேட்டை, வளர்ந்தது, பேத்தமங்கலம் தேய்ந்தது. வட்டத்தின் தலைமையிடமும் அங்கே சென்றது. பின்னர்ப் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்குக் கிளைப்பாதை அமைந்தபோதும் அது பேத்தமங்கலத்தைத் தொடவில்லை.

ஆயினும் சுரங்கம் அவ்வூரைத் தேடி வந்தது. பொன்னுக்கு நீர் எதற்கு என்று இன்றைய இளைஞர் வினவக்கூடும். பாறையை உடைத்துக் கொண்டுவந்தால் போதாது. அதனை இருப்புலக்கைகளால் நீர்விட்டு இடித்துச் சேறாக்க வேண்டும். அச்சேற்றைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட வேண்டும். எஞ்சியதைச் சயனைடுத் தொட்டிகளில் ஊறவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் நீர் வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக மக்கள் பெருகினர். 1891-இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த தங்கவயலில், 1901-இல் 38,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பத்தாண்டில் ஐந்து மடங்கு! தட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. சிறு குட்டைகளும் கிணறுகளும் இவ்வளவு பேர்க்கு எங்ஙனம் போதும்? சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது, விளக்கு எரிந்தது, எந்திரம் ஓடியது. ஆனால் மின்சாரத்தைக் குடிக்கவியலாதே!

20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பேத்தமங்கலத்து ஏரி நீரை வடித்தெடுத்து, மேட்டிலுள்ள தங்கவயலுக்கு இறைத்தேற்றும் நீர்நிலையம் அமைந்தது. பாலாற்று நீர் குழாய் வழியே சுரங்கங்களுக்கும், ராபர்ட்சன்பேட்டை முதலிய இடங்களுக்கும் வந்தது. நெல்வயலுக்குப் பாய்ந்துவந்த ஏரி தங்கவயலுக்கும் பாயத் தொடங்கிற்று. ஒரு வயலுக்குப் பாய்ந்த நீர் மற்றொரு வயலுக்குப் பாயாது என்பதனை உழவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நிறைந்த ஆண்டில் இருவர்க்கும் குறைவில்லை. குறைந்த ஆண்டிலோ, மடையில் நின்ற உழவன் குழாயை நோக்கிப் பெருமூச்செறிந்திருப்பான். நாம் வடக்கேயுள்ள அச்சிற்றூர்க்குப் பட்டிருக்கும் கடன் இது.

அக்கடனில் ஒரு பகுதியைத் தங்கவயல் பணமாகத் திருப்பிக் கொடுத்தது என்பதும் உண்மை. சுற்றுப்புறச் சிற்றூர்களின் பாலும் மோரும், கீரையும் காயும், கேழ்வரகும் விறகும் நம் பேட்டைகளில் விற்றுப் பணமாயின. சம்பள நாளில் நம் தெருக்களுக்கு வந்து, அரிசிக்கு நெல்லென்றும் கடனுக்குக் கணக்கென்றும் பேசித் திரும்பிய உழவர் பலர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு மொழியில் அவ்வணிகம் நிகழ்ந்தது. தக்காளி விற்க வந்த அம்மையார் எம்மொழியினர் என்று அறிய எவரும் முயன்றதில்லை.

இனி, இக்கட்டுரையில் தவிர்க்கவியலாத ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறல் வேண்டும். 1903-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மேல்பாலாற்றுப் பகுதியில் அடைமழை பெய்தது. மேலுள்ள ஏரிகள் உடைந்தன. ஓர் ஏரி உடைந்தால் அதன் வெள்ளம் அடுத்த ஏரியை உடைக்கும். சங்கிலியின் நன்மையே அன்று தீமையாயிற்று. பேத்தமங்கலத்து ஏரியின் கரையும் உடைந்தது. வெள்ளம் மலையிறங்கி 12-ஆம் நாள் வாணியம்பாடியை அடைந்தது. ஊரின் பெரும்பகுதி அழிந்தது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். அதன் நினைவுச் சின்னம் வாணியம்பாடியில் உள்ளது.

எம் தந்தையாரின் அன்னையார் வாணியம்பாடியை அடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூரில் பிறந்தவர். அவ்வெள்ளம் வந்தபோது அவர் ஏழெட்டு வயதுச் சிறுமி. புளியமரத்தின்மேல் ஒரு முழுநாள் அமர்ந்திருந்ததாகக் கூறுவார். மணமாகிப் பாட்டனாரோடு தங்கவயலுக்கு வந்து, லைன் வீட்டில் குடியேறி, பொதுக்குழாயில் முதற்குடம் பிடித்தபோது, இந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று பக்கத்து வீட்டாரை வினவினாராம். பேத்தமங்கலத்து ஏரி என்றனர். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றாராம். 'எங்க ஊரை அடிச்சிக்கிட்டுப் போன தண்ணிதான் இங்க எங்களுக்குக் கஞ்சி காய்ச்சுது' என்று அவர் பலமுறை கூற யாம் கேட்டுள்ளோம். வெறுப்பாகக் கூறியதில்லை, வியப்பாகவே கூறினார். கோடையில் குழாய் ஒழுங்காக வாராத நாள்களில், இரவு இரண்டு மணிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவர் காவல் இருந்ததும் உண்டு. அப்போது வரிசையில் நின்ற பெண்டிருள் பாதிப் பேர் பாலாற்றங்கரையினின்றே வந்தவர். கீழ்க்கரையில் பிறந்து மேற்கரையின் நீரைக் குடித்து வாழ்ந்த ஒரு தலைமுறை அது.

மேலும் கீழும் உள்ளார்க்கிடையே நீர்ப்பூசல் அன்றே உண்டு. 1892-இல் சென்னை, மைசூர் ஆகிய இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் இடம் பெற்றது. அதில் குறிக்கப்பெற்ற ஆறுகளில் சென்னை அரசின் இசைவின்றி மைசூர் அரசு புதிய நீர்த்தேக்கம் கட்டலாகாது என்பது அதன் கருத்து. அவ்வுடன்படிக்கையைப் பற்றிய வழக்கும் வாதமும் பின்னர் நெடிது நீண்டன. நம் நிலையோ தனித்தன்மையது. தமிழகத்தில் உள்ள உறவினர் 'மேலே தடுக்கின்றனர்' என்று கூறுவர். அவர்களிடம் நாம் ஏரி நிரம்பவில்லை என்று கூறுவோம். ஒரே குடும்பத்தில் இருபக்கத்து வாதமும் நிகழும். எம் வீட்டுத் திருமணப் பந்தலில் இவ்வழக்கு ஒருமுறை உணவு பரிமாறுவதையே தாமதப்படுத்திற்று!

உடைந்த கரை மீண்டும் கட்டப்பட்டது. நுளம்பர் செய்ததையும் ஹொய்சளர் செய்ததையும் மைசூர் அரசும் செய்தது. அதன்பின் நூறாண்டுக்கு அண்மையாகச் சுரங்கமும் ஏரியும் இணைந்து வாழ்ந்தன. சாம்பியன் ரீப் 10,000 அடிக்கும் கீழே சென்றது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுடைமையாயின. 1962-இல் நடுவண் அரசின்பாற் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவிலான பொன் எடுக்கப்பட்டது என்பர்.

சுரங்கம் மூடிய காலத்தையொட்டியே ஏரியும் நலிந்தது. காரணம் பல. ஏரிக்கு நீர் கொணரும் கால்வாய்கள் தூர்ந்தன, சில மறைந்தன. ஆற்று மணல் அள்ளப்பட்டது. புன்செய்களில் கேழ்வரகு இருந்த இடத்தில் தைலமரம் நின்றது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. முன்பு முப்பது அடியில் நீர் கண்ட கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்கினர். அவ்வாழத்தில் கிடைத்த நீரிலோ பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு மிகுந்திருந்தது. பொன்னைத் தேடி நாம் இறங்கிய வழியிலேயே நீரைத் தேடி உழவரும் இறங்கினர். சுரங்கத் தொழிலாளியாவது கூலி பெற்று இறங்கினான். உழவன் கடன் வாங்கி இறங்கினான்.

எனினும் அவ்வூர்ப் பகுதி உழவை விடவில்லை. கோலாரைப் பட்டும் பாலும் பொன்னும் உடைய நாடு என்று சிறப்பித்துக் கூறுவது வழக்கம். பொன் போயிற்று, பட்டும் பாலும் உள்ளன. அவற்றோடு தக்காளி சேர்ந்தது. கோலார்த் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. விலை ஏறினால் உழவன் வீடு கட்டுவான். இறங்கினால் சாலையோரத்தில் கொட்டிச் செல்வான். 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டமும் நடைபெற்று வருகின்றது. மழைநீர்க்காக வெட்டிய ஏரியில் பெருநகரின் கழிவுநீரை நிரப்புவது தகுமா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வறண்ட கிணற்றில் நீர் ஏறக் கண்ட உழவரோ அவ்வாராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. எம் கருத்து, கால்வாய்களை முதலில் தூர்வாரியிருத்தல் வேண்டும் என்பதே.

தங்கவயல் தனி வட்டமாக அமைந்தபோது பேத்தமங்கலம் அதனுள் அடங்கிற்று. ஒரு காலத்தில் வட்டத்தின் தலைமையூராய் இருந்தது, தான் நீர் வார்த்து வளர்த்த ஊரின் வட்டத்தில் ஓர் உறுப்பாயிற்று. தங்கவயலின் இளைஞரோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூர்க்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர். ஏரிப்பக்கம் செல்ல அவர்க்குப் பொழுதேது?

2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழை பெய்தது. பல்லாண்டு வறண்டு கிடந்த பேத்தமங்கலத்து ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. செய்தி பரவியவுடன் தங்கவயலினின்று மக்கள் சாரி சாரியாகச் சென்றனர். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த முதியோர் பலர், கைத்தாங்கலாக நடந்து வந்து கரையில் நின்று கோடியைக் கண்டனர். பொங்கலிட்டு வணங்கினோரும் உண்டு. அத்திங்களில் கீழே தமிழ்நாட்டுப் பாலாற்றில் ஓடிய வெள்ளம் 1903-க்குப் பின் காணாத அளவினது என்று செய்தித்தாள்கள் எழுதின.

யாமும் அன்று கரையில் நின்றோம். நீர் கோடியின்மேல் வழிந்து இராமசாகரம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் வாணியம்பாடியிலிருந்து எம் சிற்றப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். 'அண்ணா, ஏரி ரொம்பிடுச்சாமே, கரை கெட்டியா இருக்குதா?' என்று கேட்டான். 'இருக்குதுப்பா' என்றோம். 'அப்ப சரி. தண்ணிய அனுப்புங்க' என்றான்.